சேலத்தில் குழந்தைப் பாதுகாப்பு வேலை: அறிக்கை எழுதுகிறவரும் அதைப் படிக்கிறவரும்

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலைக்கு விண்ணப்பம் போடலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலானவர்களின் மனதில் ஒரே காட்சிதான் இருக்கிறது. பட்டறைக் கதவைத் தட்டுவது, உள்ளே இருக்கிற பையனை வெளியே கூட்டி வருவது, மறுநாள் பேப்பரில் 'மீட்பு' என்று நாலு வரி வருவது. அப்படியும் சில நாள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாளில்கூட கதவைத் திறக்கச் சொல்கிற அதிகாரம் நமக்குக் கிடையாது, இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் வருகிற ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

யாருக்கு என்ன அதிகாரம் என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். போடுவது காவல் நிலையம். பட்டறையில் சோதனை நடத்தி வழக்குத் தொடுப்பது தொழிலாளர் துறை. முன்பணத்துக்கு அடமானமாக வேலை செய்கிற குடும்பம் என்றால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுவிப்புச் சான்று தருவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலர்தான். அந்தக் குழந்தை இன்று இரவு எங்கே தூங்கும், நாளை யார் பொறுப்பில் இருக்கும் என்று உத்தரவு போடுவது குழந்தைகள் நலக்குழு, அதாவது எல்லோரும் சொல்கிற சி.டபிள்யூ.சி. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண், அமர்வுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம். இதில் அலகின் வழக்குப் பணியாளர், அதாவது வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுகிறவர், எங்கே வருகிறார்? எல்லா இடத்திலும் வருகிறார், எந்த இடத்திலும் கையெழுத்து அவருடையது இல்லை. அவரிடம் இருப்பது ஒரு வண்டி, ஒரு போன், அப்புறம் அவர் எழுதுகிற அறிக்கை. மற்றவர்கள் எல்லோரும் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பத்து நிமிடம் குழந்தையைப் பார்க்கிற நலக்குழு உறுப்பினருக்கு அந்த வீட்டின் அடுப்படி தெரியாது, நீங்கள் எழுதினால்தான் தெரியும்.

அதனால் இந்தத் தொழிலை நான் எழுத்துத் தொழில் என்றுதான் சொல்வேன். அலகில் இந்தப் பணியாளர்களை வழிநடத்துகிற குழுத்தலைவராக ஆவதென்றால் (நலக்குழுத் தலைவர் வேறு), அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற தொழில்.

சேலத்துக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவு உண்டு. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் வந்தது மதராஸ் மாகாணத்தில், 1920-இல். 1992-இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்க அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். ஏன் சேலம் என்று கேட்பவர்களுக்கு ஒரு எண் போதும்: 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும்கூட இங்கே ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தொட்டில் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். குழந்தையைக் கொல்லாமல் கொடுத்துவிட்டுப் போ என்று அரசே சொல்வது சரியா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. என் கருத்து என்னவென்றால், அந்தத் தொட்டில் குழந்தையைக் காப்பாற்றியது, ஆனால் குழந்தையைக் கொடுத்த வீட்டுக்குள் யாரும் போகவில்லை. வீட்டுக்குள் போகிற வேலை அமைப்பாக வந்தது மிகவும் பிந்தித்தான். ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 2009-10-இல் வந்து, மாவட்டத்துக்கு ஓர் அலகு என்று ஆனபோதுதான் மாதச் சம்பளத்துக்கு இந்த வேலை செய்கிற ஆட்கள் உருவானார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு திட்டத்தின் பெயர் மிஷன் வாத்சல்யா ஆனது, மாநிலத்தில் சமூகப் பாதுகாப்புத் துறையும் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று மாறியது. பெயர்ப்பலகை மாறினாலும் மேசை அதேதான். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் அப்படித்தான், பல வருடங்கள் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடந்தது, 2023-இல் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டு 112 அவசர எண்ணோடு இணைத்தது.

2011 கணக்குப்படி சேலம் மாவட்டத்தில் 34.82 லட்சம் பேர். அலகு ஒன்று. அதில் மாவட்ட அலுவலர், நிறுவனம் சார்ந்த பாதுகாப்புக்கும் நிறுவனம் சாராத பாதுகாப்புக்கும் தலா ஒரு பாதுகாப்பு அலுவலர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள், புறத்தொடர்புப் பணியாளர்கள், கணக்காளர், கணினி ஆள் என்று எல்லாம் சேர்த்தாலும் ஒரு பேருந்தின் பாதி இருக்கை நிறையாது. இத்தனை பேரும் மேட்டூரிலிருந்து தலைவாசல் வரை பார்க்க வேண்டும். நடுவில் ஏற்காடு மலை வேறு.

வருகிற கேஸ்களும் ஊருக்கு ஊர் நிறம் மாறும். நகரத்தின் மேற்குப் பக்கம் சிவதாபுரம், பனங்காடு என்று போனால் வெள்ளிக் கொலுசு. பெரிய ஆலை எதுவும் கிடையாது, வீட்டுத் திண்ணையும் முன்னறையும்தான் பட்டறை. கண்ணி கோர்ப்பது, சலங்கை பற்றவைப்பது என்று வீட்டுக்கு வீடு வேலை பிரிந்து கிடக்கும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, ஆனால் பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள், ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தச் சலுகைக்குள் எவ்வளவு புகுந்துகொள்ளலாம் என்று முன்பணம் கொடுத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். 'எம் பையன் எனக்கு ஒத்தாசை பண்றான், உங்களுக்கென்ன' என்று அப்பா கேட்கும்போது, அவர் பொய் சொல்வதாகவும் எழுத முடியாது, உண்மை என்றும் எழுத முடியாது. பள்ளி வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். பையன் திங்கள் முதல் வெள்ளிவரை வகுப்பில் இருக்கிறானா, கொலுசு ஆர்டர் குவிகிற பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் மட்டும் காணாமல் போகிறானா என்பதை அந்தப் பதிவேடு சொல்லிவிடும்.

சேலம் ஜங்ஷன் இன்னொரு உலகம். வடக்கே தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகிற வண்டி உட்பட ஈரோடு, திருப்பூர், கேரளா போகிற ரயில்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. ஒரே ஆளோடு நாலைந்து பையன்கள் இறங்குவார்கள், எல்லோரிடமும் ஆதார் இருக்கும், எல்லோருக்கும் வயது பதினெட்டு தாண்டியிருக்கும், பிறந்த தேதி எல்லோருக்கும் ஜனவரி 1. மீசை முளைக்காத முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் முகத்தைப் பார்த்து உத்தரவு போட முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வயதுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. அந்தப் பள்ளிச் சான்று ஜார்கண்டில் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிறது. போன் போட்டு, இந்தி தெரிந்த ஒருவரைப் பிடித்து, அந்த மாவட்டத்து அலகில் நம்மைப் போலவே பாதி இருக்கையோடு ஓடுகிற ஒரு ஆளிடம் கெஞ்சி வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தையை நலக்குழு முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால் இந்தக் கெஞ்சல் எல்லாம் ராத்திரியில்தான் நடக்கும்.

குழந்தைத் திருமணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் முகூர்த்த மாதம் வந்தாலே போன் சும்மா இருக்காது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை செய்கிறவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் லேசாகச் சிரிப்பார்கள். அழைப்பு பெரும்பாலும் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வரும், கூப்பிடுகிறவர் பள்ளித் தோழியாக இருப்பாள் அல்லது பங்காளித் தகராறில் இருக்கிற சித்தப்பாவாக இருப்பார். மண்டபத்துக்குப் போனால் வாழைமரம் கட்டியாயிற்று, சமையல் ஆள் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார், 'மாமன் மகந்தானே, வெளியாளா' என்று ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். டி.சி.யில் 16 வயது என்று இருக்கும், உடனே ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், அதில் 18 முடிந்திருக்கும். 94-ஆம் பிரிவில் ஜாதகத்துக்கு இடமில்லை என்று சொல்லிப் புரியவைக்கிற அந்த அரைமணி நேரம்தான் பலருக்கு இந்த வேலையின் முதல் பாடம். குரலை உயர்த்தினால் தோற்றோம்.

சரி, கல்யாணம் நின்றுவிட்டது, பெற்றோரிடம் எழுதி வாங்கியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை, இங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதிக் கொடுத்த கையோடு வேறு மாவட்டத்தில் ஏதாவது கோயிலில் தாலி கட்டிவிடுகிற குடும்பங்கள் உண்டு. கல்யாணம் நிச்சயமாக நடக்கப்போகிற அபாயத்தில் இருக்கிற சிறுமியையும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்று 2015 சட்டம் சொல்கிறது, ஆகவே அவளை நலக்குழு முன் நிறுத்தலாம், குழு பெற்றோருக்கு நிபந்தனை விதிக்கலாம். ஆனால் அவள் அடுத்த திங்கள் பள்ளிக்குப் போனாளா என்று பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வேறு கேஸுக்கு ரயில் நிலையத்தில் நிற்கிறார்.

இப்போது மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு டவுன், அதுவரைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கே தெரியும். அதற்கப்பால் நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் என்று ஊராட்சிகள், ஒவ்வொன்றிலும் சிதறிக் கிடக்கிற மலைக்கிராமங்கள். சேர்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடிக் குடும்பங்கள், சொந்தக் காடு கொஞ்சம், காப்பி எஸ்டேட்டில் கூலி. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் பெற்றோர் விடியலில் கிளம்பிவிடுவார்கள், சின்னதைப் பார்த்துக்கொள்ளப் பெரியது பள்ளிக்குப் போகாமல் நிற்கும். இதைக் குழந்தைத் தொழிலாளர் என்று எழுதினாலும் தப்பு, ஒன்றுமில்லை என்று விட்டாலும் தப்பு. பஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது, சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது என்பதெல்லாம் அங்கே பாதுகாப்பு விஷயங்கள்தான். சிக்னல் இல்லாத ஊரில் 1098-ஐச் சுவரில் எழுதிவைத்து என்ன பிரயோஜனம், அங்கன்வாடிப் பணியாளரின் பழக்கம்தான் அங்கே உதவி எண்.

அங்கே ஒரு ஹோம் விசிட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நலக்குழு ஒரு குழந்தையைப் பற்றி சமூக விசாரணை அறிக்கை கேட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும், குழு நான்கு மாதத்துக்குள் இறுதி முடிவெடுக்க வசதியாக. அச்சடித்த படிவம் ஒன்று உண்டு, பக்கம் பக்கமாகக் கட்டங்கள். குடும்ப உறுப்பினர், வயது, வருமானம், வீட்டின் நிலை, குழந்தையின் பழக்கவழக்கம் என்று போகும். புதிதாக வருகிறவர்கள் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றே கேட்பார்கள், மலைக்காரர் சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பிவிடுவார். பழகியவர்கள் படிவத்தைப் பையை விட்டு எடுக்க மாட்டார்கள். கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு, மிளகு என்ன விலை போகிறது என்று ஆரம்பிப்பார்கள். பேச்சினூடே கண் வேலை செய்யும்: வீட்டில் எத்தனை பாய், குழந்தையின் புத்தகப் பை எங்கே தொங்குகிறது, குழந்தைக்குப் பசித்தால் அடுப்படிக்குத் தானாகப் போகிறதா அல்லது முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிறதா. இதில் எதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆனால் நலக்குழுவுக்குத் தேவைப்படுவது இதுதான்.

குழுத்தலைவரின் வேலை இங்கேதான் நுழைகிறது. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கொண்டுவந்த அறிக்கையில் கடைசி வரி இப்படி இருந்தது: 'குடும்பச் சூழ்நிலை பாதுகாப்பற்றதாக உள்ளதால் குழந்தையை இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' அதைப் படித்த எங்கள் மூத்த மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

'பாதுகாப்பற்றதுன்னா என்ன கண்ணு? வீட்டுக்குக் கதவு இல்லையா, இல்ல ஆளு சரியில்லையா?'

'அப்பா குடிக்கிறாரு மேடம். அம்மா இல்ல.'

'தினமுமா?'

'சனிக்கெழம கூலி வாங்குனா, மேடம்.'

'குடிச்சா அடிப்பாரா?'

'பாத்திரத்தத் தூக்கி எறிவாராம். ஒருக்கா பாப்பா மேல பட்டுருக்கு.'

'அன்னைக்கு ராத்திரி பாப்பா எங்க தூங்குச்சு?'

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், 'பெரியம்மா வீட்டுல. சனிக்கெழமயானாலே அங்க போயிருமாம்.'

'பெரியம்மா பேரு ரிப்போர்ட்ல எங்க இருக்கு?'

இல்லை. நாலு பக்க அறிக்கையில் பெரியம்மா இல்லவே இல்லை, ஏனென்றால் படிவம் ஒரே வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்கிறது. குழந்தையோ தன் பாதுகாப்பை ஏற்கெனவே தானே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. மறுபடியும் மலையேறி அந்தப் பெரியம்மாவைப் பார்த்து, அவருக்குச் சம்மதமா, அவர் வீட்டில் யார் யார், அந்த வீட்டு ஆண்கள் எப்படி என்று கேட்டு எழுதிய பிறகு பரிந்துரை மாறியது. உறவினர் பராமரிப்பு, கூடவே நிதி ஆதரவு, மாதம் ஒரு தடவை ஃபாலோ அப். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே அதன் அடிப்படைக் கொள்கைகளில் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் அதுதான் முதல் வழியாக எழுதப்படுகிறது, காரணம் எழுதுவது சுலபம், ஒரு வரி போதும். பெரியம்மாவைப் பற்றி எழுத இரண்டு பக்கம் வேண்டும்.

நல்ல குழுத்தலைவர் என்றால் வேகமாக முடிவெடுக்கிறவர் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை அப்படியில்லை. அறிக்கையில் யார் இல்லை என்று கேட்கிறவர்தான் நல்ல தலைவர். பக்கத்து வீட்டு அக்கா எங்கே, வகுப்பு ஆசிரியர் என்ன சொன்னார், குழந்தை என்ன கேட்டது? கடைசிக் கேள்விக்குப் பல அறிக்கைகளில் பதிலே இருக்காது. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், உறவினர் என்றாலே நல்லவர் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், கணிசமானவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர், வீட்டுக்கு வந்துபோகிறவர். அதனால் பெரியம்மா வீட்டைப் பற்றிக் கேட்ட அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் ஒவ்வொரு மாதமும்.

போக்சோ வழக்குகள் வேறு மாதிரி ஒழுங்கைக் கேட்கின்றன. 2012 சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் கூடி முடித்துக்கொள்வதற்கு அங்கே இடமில்லை. வாக்குமூலத்தைப் பெண் காவல் அதிகாரி, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர், சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். குழந்தை ஒரு தடவை சொன்னதையே ஆசிரியரிடம், நம்மிடம், காவலரிடம், டாக்டரிடம், நடுவரிடம் என்று ஐந்து தடவை சொல்லவைப்பதுதான் வழக்கத்தில் நடக்கிற கொடுமை. குழுத்தலைவர் செய்ய வேண்டியது, தன் ஆட்கள் அந்த ஐந்து பேரில் ஒருவராகிவிடாமல் பார்த்துக்கொள்வது. 'என்ன நடந்ததுன்னு கேக்காத, சாப்பிட்டியான்னு கேளு' என்று எங்கள் மேடம் புதியவர்களுக்குச் சொல்வார். நடந்ததைக் கேட்க அதற்குரியவர் இருக்கிறார். 2020 விதிகளின்படி நலக்குழு ஒரு துணை நபரை நியமிக்கலாம், வழக்கு முடிகிறவரை குடும்பத்தோடு கூட வருகிறவர். விசாரணை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்கிறது சட்டம். அந்த 'இயன்றவரை' என்ற சொல் எவ்வளவு நீளும் என்பதை நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள்தான் சொல்ல வேண்டும். (இங்கே சொல்கிற குடும்பங்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மீட்புப் படம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்தால் நல்லது.)

நிதி ஆதரவு என்று மேலே சொன்னேனே, அது மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்துக் குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மலைக் குடும்பத்துக்கு வருமானத் தகுதி சுலபமாகக் கிடைத்துவிடும், சிக்குவது காகிதத்தில். பிறப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று, அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று. இதில் ஒன்றில் பெயர் ஒரு எழுத்து மாறினால் மூன்று மாதம் போய்விடும். உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கவோ மேலே படிக்கவைக்கவோ பழங்குடிச் சான்று தனி, அதைக் கோட்டாட்சியர் தர வேண்டும். மலையாளி சமூகம் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் உண்டு, பக்கத்து ஈரோட்டில் வசிக்கிற அதே மக்களுக்கு இல்லை. பெரியம்மா வாக்கப்பட்ட ஊர் எந்த மாவட்டம் என்பதுகூட இதனால் கேஸில் ஒரு கேள்வியாகிவிடுகிறது. ஆகவே வழக்குப் பணியாளரின் நேரத்தில் பெரும்பகுதி இ-சேவை மையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கரைகிறது. யாரும் இதைக் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை. கவுன்சிலிங் பற்றி ஒரு பாடம் குறைத்துவிட்டு, வருவாய்த் துறையில் மனு எப்படி நகர்கிறது என்று ஒரு பாடம் வைக்கலாம் என்பது என் கட்சி.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், அலுவலர் அங்கே இருக்க வேண்டும். செவ்வாய் ஆய்வுக் கூட்டம், புதன் ஏதாவது விழிப்புணர்வு நிகழ்ச்சி. இதற்கிடையில்தான் குழுத்தலைவர் அறிக்கைகளைப் படிக்க வேண்டும், யார் எங்கே போவது என்று பிரிக்க வேண்டும், பெண் குழந்தை கேஸுக்குப் பெண் பணியாளர் கூடப் போகிறாரா என்று பார்க்க வேண்டும், தனியாக யாரும் மலைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். இதைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு. மோசமான கேஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பணியாளர் மறுநாள் ரொம்பச் சாதாரணமாக இருந்தால் கவனிக்க வேண்டும். அழுகிறவரைப் பற்றிக் கவலை குறைவு, ஜோக் அடித்துக்கொண்டு அடுத்த ஃபைலை எடுக்கிறவர்தான் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறவர். அவரிடம் 'மனசு எப்படியிருக்கு' என்று கேட்டால் 'நல்லாருக்கு' என்றுதான் பதில் வரும். அந்த அறிக்கையை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படித்தால், எந்த வரியில் குரல் நிற்கிறது என்று தெரியும். அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

சம்பளம் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். சமீப வருட விளம்பரங்களில் பாதுகாப்பு அலுவலருக்கு 27,804, சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536 என்று வந்தது. 1098 உதவி மையத்தில் வழக்குப் பணியாளருக்கு 18,000, மேற்பார்வையாளருக்கு 21,000. அதாவது அடுத்தவரின் அறிக்கைகளைப் படித்து, அவர்களுடைய முடிவுகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற பொறுப்புக்கு மாதம் மூவாயிரம் கூடுதல். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் நடத்தியிருக்கிறது, நிரந்தரம் வேண்டுமென்றால் அந்த வழி. மற்றவர்கள் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, குரூப் தேர்வு எழுதியோ கல்யாணமாகியோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, பதினெட்டாயிரத்தில் பெட்ரோலும் போட்டு மலையேறு என்று யாரிடம் சொல்வது? ஆனால் இதன் விலையைக் கொடுப்பது குழந்தை. தன் கதையை ஒரு அக்காவிடம் சொல்லிப் பழகி, அந்த அக்கா போனபின் புதிதாக வந்த அண்ணாவிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பல குழந்தைகள் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

இதற்கு அலகு மட்டத்தில் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஒப்படைப்புக் குறிப்பு. வேலையை விடுகிறவர் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் தன் சொந்த நடையில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். ஆவணங்கள் ஃபைலில் இருக்கும், அதற்குக் குறிப்பு தேவையில்லை. பாட்டிக்குக் காது மந்தம், வலது பக்கம் உட்கார்ந்து பேசு. அப்பா சனிக்கிழமை தவிர்த்து எந்த நாளும் பேசக்கூடியவர். பாப்பா ஸ்கூல் பேரைச் சொன்னால் பேசாது, நாய்க்குட்டியைக் கேட்டால் பேசும். இதைச் சட்டமோ வழிகாட்டு நெறிமுறையோ கட்டாயமாக்கவில்லை, எனக்குத் தெரிந்த சில குழுத்தலைவர்கள் தாங்களாகவே பிடிவாதமாக வாங்குகிறார்கள், எழுதித் தராமல் கடைசி நாள் கையெழுத்துப் போட விடுவதில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: விளம்பரம் மாவட்ட இணையதளத்தில் வரும், தேர்வு நேர்காணல் மூலம். டூவீலர் லைசென்ஸ் வைத்திருங்கள், படிவத்தில் கேட்காவிட்டாலும் வேலையில் கேட்கும். தமிழில் தெளிவாக நாலு பக்கம் எழுதிப் பழகுங்கள், கொஞ்சம் இந்தி பேச வந்தால் ஜங்ஷன் கேஸ்களுக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நேர்காணலில் கடைசியாக 'நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள், அப்போது சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது விளம்பரத்திலேயே இருக்கிறது. நான் எழுதுகிற அறிக்கையை நலக்குழுவுக்குப் போகுமுன் யார் படிப்பார் என்று கேளுங்கள். பெயர் சொல்லி ஒருவரைக் காட்டினால் தைரியமாகச் சேரலாம்.